ஹெஸ்டர் தைத்த எழுத்து: ஆங்கிலத் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க இலக்கியத் தாள் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தத் தாளுக்கு வினா எடுப்பவர்களுக்கும், விடைத்தாள் திருத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். இப்போது வீட்டிலேயே ஆரி வகுப்பு நடத்துகிறேன், கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகை வேலை செய்து கொடுக்கிறேன். போன மாதம் என் அக்கா மகள் நத்தானியேல் ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலுக்கான கைடு ஒன்றைக் கொண்டுவந்து, "சித்தி, நீங்களும் இதைப் படிச்சீங்கதானே? இந்த ஒரு கேள்வியைப் படிச்சுட்டா போதும்னாங்க" என்று விரித்துக் காட்டினாள். பக்கத்தின் நடுவில் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள். நாயகி ஹெஸ்டர் தண்டனையாக மார்பில் அணியும் ஏ என்ற எழுத்துக்கு முதலில் அடல்ட்டரி, அதாவது பிறன்மனை உறவு என்று பொருள். பிறகு ஏபிள், திறமைசாலி. கடைசியில் ஏஞ்சல், தேவதை. சிவப்பு பாவத்தைக் குறிக்கும். காடு சுதந்திரத்தைக் குறிக்கும். நான் படித்த காலத்தில் எங்கள் நோட்டிலும் இதே வரிசைதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அன்று ராத்திரி நாவலை எடுத்து மறுபடி முழுக்கப் படித்தேன். படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

அந்த எழுத்துக்கு ஒரே பொருளைக் கட்டிவைக்கப் பார்த்தவர்கள் பாஸ்டன் நகரத்து நீதிபதிகள். ஏழு வருஷம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து அந்தக் கட்டை அவிழ்த்தவள் ஹெஸ்டர் பிரின். ஐந்து மார்க்குக்காக அதை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம் நாம்.

இரண்டாம் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். 1640-களின் பாஸ்டன். சிறைக் கதவு திறக்கிறது. காவலன் தோளில் கை வைத்து ஹெஸ்டரை இழுத்து வருகிறான். வாசற்படியில் அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டுத் தானாகவே வருவதுபோல வெளியே காலெடுத்து வைக்கிறாள். கையில் மூன்று மாதக் குழந்தை. மார்பில் நல்ல சிவப்புத் துணியில் அந்த எழுத்து, அதைச் சுற்றிப் பொன் நூலில் வளைந்து வளைந்து ஓடும் பூவேலை. எழுத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னது நீதிமன்றம். பொன் நூலில் பின்னச் சொன்னது யார்? ஒருவரும் இல்லை.

கூட்டத்தில் நிற்கும் பெண்களுக்கு இது உடனே புரிந்துவிடுகிறது. ஊசி வேலை தெரிந்தவள்தான், ஆனால் நீதிபதிகள் தண்டனையாகக் கொடுத்ததைப் பெருமையாக மாற்றிக்கொண்டு அவர்கள் முகத்துக்கு நேரே சிரிக்கிறாளே என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி, கீல்வாதத்துக்குச் சுற்றிக்கொள்ளும் என் பழைய ஃபிளானல் துணியில் ஒரு கிழிசல் தருகிறேன், அதில் எழுத்து வைத்துக்கொள்ளட்டும் என்கிறாள். கொடுமையான வாய்தான். ஆனாலும் அவர்கள் தையலைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலேயே வயதில் சின்னவள் ஒருத்தி மட்டும், அவள் காதில் விழப்போகிறது, பேசாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். அந்த எழுத்தில் போட்ட ஒவ்வொரு தையலும் அவள் நெஞ்சில் குத்தித்தான் வந்திருக்கும் என்கிறாள்.

ஜரிகை போடுகிறவளாகச் சொல்கிறேன். துணியைச் சட்டத்தில் மத்தளத் தோல்போல இழுத்துக் கட்ட வேண்டும். நூல் துணிக்கு அடியில் இடது கையில் இருக்கும், ஊசி மேலே வலது கையில். கொக்கியைக் குத்தி இறக்கி, கண்ணால் பார்க்காமலே அடியில் நூலைச் சுற்றி, மேலே இழுத்து, அந்தக் கண்ணிக்குள்ளேயே அடுத்த குத்து. விரல் அகலப் பூ ஒன்றுக்கு எனக்கு ஒரு மணி நேரம் போகும். கோபத்தோடு உட்கார்ந்தால் வேலை நடக்காது. நூல் இறுகும், துணி சுருங்கும், மறுநாள் பிரித்துப் போட வேண்டிவரும். அவள் போட்டது ஆரித் தையல் அல்ல, ஐரோப்பாவில் கற்ற வேறு வேலை. ஆனால் பொன் நூலின் குணம் எங்கும் ஒன்றுதான். சிறையில், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஊரே தூற்றப்போகிறது என்று தெரிந்தும் ஒருத்தி அத்தனை நேரம் கை நடுங்காமல் தைத்திருக்கிறாள். அவள் குணத்தைப் பற்றி நாவல் சொல்லும் முதல் செய்தி இது. கைடில் இதற்கு இடமில்லை.

என் மாணவப் பருவத்தில் இதை ஒரு மாதிரித் தேர்வில் எழுதினேன். அம்மா அப்போதே ஜரிகை வேலை செய்வார். பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றியதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, "நோட்ஸில் உள்ளதை எழுதவும்" என்று திரும்பி வந்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வகுப்பில் நாங்கள் அறுபது பேர். அவருக்கு மேலே ஒரு விடைக்குறிப்பு இருந்தது, அதில் தையலுக்கு மார்க் இல்லை. ஆனால் அதன் பிறகு மூன்றாம் வருஷம் முடியும்வரை எந்தப் புத்தகத்தைப் பற்றியும் எனக்குத் தோன்றியதை நான் தேர்வில் எழுதவே இல்லை.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். முதல் சொல், அடல்ட்டரி. நாவலில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அந்தச் சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. ஹாதார்ன் வேண்டுமென்றே அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், கதை முழுக்க அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார். நாம் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதி நிரப்பிவிடுகிறோம். தன் மகள் பேர்லிடம் ஹெஸ்டர் கேட்கிறாள், இந்த எழுத்து என்னவென்று தெரியுமா என்று. அது பெரிய ஏ, எழுத்துப் பலகையில் நீதான் சொல்லிக்கொடுத்தாய் என்கிறாள் குழந்தை. ஊரில் எல்லோரும் தீர்ப்பாகப் பார்த்ததை எழுத்தாகப் பார்த்த ஒரே ஆள் ஏழு வயதுப் பெண். அதற்குச் சற்று முன்னால்தான் அவள் கடற்கரையில் விலாங்குப் புல்லைப் பறித்துத் தன் மார்பிலும் பச்சை நிறத்தில் ஒரு ஏ செய்து வைத்துக்கொள்கிறாள்.

அதே அத்தியாயத்தில் பேர்ல் விடாமல் கேட்கிறாள், இதை ஏன் போட்டிருக்கிறாய் என்று. "பொன் நூலுக்காகத்தான் போட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறாள் ஹெஸ்டர். ஏழு வருஷத்தில் தன் மார்பிலிருக்கும் சின்னத்துக்கு அவள் உண்மையாக இல்லாத முதல் தருணம் இது என்று கதைசொல்லி எழுதுகிறார். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரி வந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத்து நீதிபதிகளுடையது. வெட்கம் ஊருடையது. அந்தத் துணியில் அவளுக்கென்று இருந்தது பொன் நூல் மட்டும்தான். பொய் சொல்லும்போதுகூட அவள் கை தன் சொந்தப் பொருளைத்தான் தொடுகிறது. இந்த இடத்தை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாமே!

இரண்டாம் சொல், ஏபிள். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் வருவது உண்மைதான். நோய் வந்த வீட்டில் அவள் இருக்கிறாள், சாவு விழுந்த வீட்டில் இருக்கிறாள், தன்னைத் திட்டும் ஏழைக்கும் சாப்பாடு கொண்டுபோகிறாள். ஊர் மனம் மாறி, இந்த ஏ வேறு என்கிறது. கைடு இதை வெற்றி என்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. அந்தப் பக்கங்களில் ஹெஸ்டர் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். உதவி பெற்றவர்கள் தெருவில் எதிர்ப்பட்டு வணங்க வந்தால் தலை நிமிர்த்துவதில்லை. விடாமல் பேச வந்தால், ஒரு விரலை அந்த எழுத்தின் மேல் வைத்துவிட்டுக் கடந்து போய்விடுகிறாள். முன்பு திட்டுவதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், இப்போது கூப்பிட்டு வேலை வாங்க வசதியாக இன்னொரு பெயர் வைக்கிறார்கள். இரண்டையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் அவள் மனம் எங்கே இருந்தது என்பதுதான் அத்தியாயத்தின் உயிர். உலகத்தின் சட்டம் அவள் மனத்துக்குச் சட்டமாக இல்லை என்று எழுதுகிறார் ஹாதார்ன். பெண்ணின் நிலை மாற வேண்டுமானால் முதலில் சமூக அமைப்பு முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று யோசிக்கிறாள், ஊரின் எல்லையில் கடலைப் பார்த்த அந்தக் கூரை வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு. பேர்ல் பிறக்காமல் இருந்திருந்தால் ஆன் ஹட்சின்சனோடு கைகோத்து வரலாற்றில் நின்றிருப்பாள் என்றும் சொல்கிறார். ஆன் ஹட்சின்சன் கற்பனைப் பாத்திரம் அல்ல. பாஸ்டனில் தன் வீட்டில் கூட்டம் கூட்டி மதப் போதகர்களின் பிரசங்கத்தை அலசியவர். 1637-இல் ஆளுநர் ஜான் வின்த்ராப் தலைமையில் விசாரித்து, 1638-இல் அந்தக் குடியேற்றத்தை விட்டே விரட்டினார்கள். முதல் அத்தியாயத்தில் சிறைக் கதவருகே நிற்கும் ரோஜாச் செடியை நாம் நம்பிக்கையின் குறியீடு என்று எழுதிவிட்டு நகர்கிறோம். அந்தச் செடி ஆன் ஹட்சின்சனின் காலடி பட்ட இடத்தில் முளைத்ததாகவும் ஒரு பேச்சு உண்டு என்று ஹாதார்ன் அங்கேயே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் ரோஜாவிலிருந்து பதின்மூன்றாம் அத்தியாயம்வரை ஒரே நூலாக ஓடும்.

ஹெஸ்டரின் இந்த யோசனைகளெல்லாம் நடக்கும் பக்கங்களில்தான் அந்தச் சின்ன வாக்கியம் தனியாக வருகிறது: சிவப்பு எழுத்து தன் வேலையைச் செய்யவில்லை.

மூன்றாம் சொல், ஏஞ்சல். இதில் நம் நோட்டில் இருப்பது தவறு என்றே சொல்வேன். தேவதை என்ற பொருள் வருவது பன்னிரண்டாம் அத்தியாயத்தில், ராத்திரி வானத்தில் எரிகல் போட்ட எழுத்துக்கு. மறுநாள் காலையில் கோயில் ஊழியர் ஒருவர், பேர்லின் தகப்பன் தான்தான் என்பதை ஊரிடம் மறைத்து வாழும் மதபோதகர் டிம்ஸ்டேலிடம் சொல்கிறார், நேற்றிரவு ஆளுநர் வின்த்ராப் இறந்து தேவதையானார், அதற்கான அடையாளம் அது என்று. ஹெஸ்டரைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றுமே இல்லை. அதே எழுத்தைப் பார்த்த டிம்ஸ்டேலோ, வானம் முழுக்கத் தன் பாவத்தை எழுதிக் காட்டுவதாக நடுங்குகிறார். அப்படித் தெரிந்ததற்கு அவர் கண்ணிலும் நெஞ்சிலும் இருந்த நோய்தான் காரணம் என்கிறார் கதைசொல்லி. ஒரே ஒளி. ஊருக்கு ஒரு பொருள், குற்ற உணர்வில் வேகிறவனுக்கு வேறு பொருள். குறியீடு எப்படி வேலை செய்கிறது என்று காட்டத்தான் அந்தக் காட்சியை வைத்திருக்கிறார். நாம் அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் பிய்த்துக் கொண்டுவந்து ஹெஸ்டரின் பெயருக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறோம்.

ஏழாம் அத்தியாயக் காட்சி ஒன்று இருக்கிறது. ஆளுநர் பெல்லிங்ஹாமின் வீட்டுக் கூடத்தில் பளபளவென்று தேய்த்து வைத்த இரும்பு மார்புக் கவசம். பேர்ல் அதற்கு முன்னால் நின்று, அம்மா, உன்னை இங்கே பார் என்று கூப்பிடுகிறாள். வளைந்த இரும்பில் எழுத்து ராட்சச அளவுக்குப் பெருத்துத் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஹெஸ்டரே மறைந்து போகிறாள். குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கலாமா என்று பேசுகிற வீட்டில்தான் அந்தக் கவசம் இருக்கிறது. என் அக்கா மகள் காட்டிய பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த இரும்புதான் ஞாபகம் வந்தது. எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தது, ஹெஸ்டர் தெரியவே இல்லை.

'கஸ்டம் ஹவுஸ்' என்ற முன்னுரையை விரிவாகப் படிக்கத் தேவையில்லை என்று எங்களுக்குச் சொன்னார்கள். அக்கா மகளுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை விடாதீர்கள். 1846 முதல் 1849 வரை மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரின் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஹாதார்ன். ஆட்சி மாறியதும் வேலை போனது, அடுத்த மாதமே அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு எழுதிய நாவல் இது. அவருடைய முன்னோர் வில்லியம் ஹாதார்ன், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் துன்புறுத்தியவர். வில்லியமின் மகன் ஜான் ஹாதார்ன் 1692-இல் சேலம் சூனிய வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவர். அவர்கள் செய்ததற்கான வெட்கத்தை அவர்கள் சார்பில் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அந்த முன்னுரையில் எழுதுகிறார். தண்டித்தவர்களின் வம்சத்தில் வந்தவன், தண்டிக்கப்பட்டவளின் துணியை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்கிறான், அது சுடுகிறது. எழுத்தின் ஒவ்வொரு காலும் மூன்றேகால் அங்குலம் என்று அளந்தும் சொல்கிறார். அந்தத் தையல் மறைந்துபோன ஒரு கலையைச் சேர்ந்தது, நூலைப் பிரித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று வேலை தெரிந்த பெண்கள் சொன்னதாகவும் எழுதுகிறார். நாவலை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவரே கொடுத்த குறிப்பாகத்தான் இந்த வரியை எடுத்துக்கொள்கிறேன். பிரித்துப் போட்டால் நூல்தான் மிஞ்சும்.

அந்த ஊரின் நிஜ வரலாற்றையும் ஒரு பத்து நிமிஷம் சொல்லலாம். 1631-இலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை என்று விதித்திருந்தார்கள். 1644-இல் மேரி லேதம் என்ற இளம்பெண்ணையும் ஜேம்ஸ் பிரிட்டனையும் தூக்கிலும் போட்டார்கள். துணியில் ஏ வெட்டித் தைத்துக்கொள்ளச் சொல்லும் சட்டம் அங்கே 1694-இல் வந்தது. இன்னொன்று. எழுத்தால் அவமானப்படுத்துவதை இங்கிலாந்தில் தங்கள் உடம்பிலேயே அனுபவித்தவர்கள் இந்தக் குடியேற்றத்தை அமைத்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். 1637-இல் வில்லியம் பிரின் என்ற பியூரிட்டன் வழக்கறிஞரின் கன்னங்களில் எஸ், எல் என்ற இரண்டு எழுத்துகளைச் சூடு போட்டார்கள், ராஜதுரோக அவதூறு பரப்பியவர் என்பதற்காக. அவரோ அதைப் பேராயர் லாட் போட்ட தழும்பு என்று லத்தீனில் திருப்பிப் படித்துக்காட்டினார். ஹெஸ்டரின் குடும்பப் பெயரும் பிரின். மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியை அவர்களே கேட்கட்டும் என்று விட்டுவிடுங்கள், கேட்பார்கள்.

முடிவைப் பற்றி எனக்கு ஹாதார்னோடு சண்டை உண்டு. காட்டில் அவள் எழுத்தைக் கழற்றி எறிகிறாள், தொப்பியை எடுத்ததும் கூந்தல் சரிகிறது. பேர்லோ ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, எழுத்தைத் திரும்பக் குத்திக்கொள்ளும்வரை வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். பல வருஷம் கழித்து, யாரும் கட்டாயப்படுத்தாதபோது ஹெஸ்டர் பாஸ்டனுக்குத் திரும்பி வந்து அதைத் தானாகவே போட்டுக்கொள்கிறாள். இதைத் தோல்வி என்கிறவர்கள் உண்டு, எனக்கு அது அவளுடைய உரிமையாகப் படுகிறது. அவள் தைத்தது, அவள் போட்டுக்கொள்கிறாள். ஆனால் புதிய உண்மையைச் சொல்ல வரும் பெண் களங்கமில்லாதவளாக இருக்க வேண்டும், அந்த இடம் தனக்கில்லை என்று அவளே ஒப்புக்கொள்வதாக எழுதியிருக்கிறாரே, அந்தப் பத்தியில் ஹாதார்ன் தன் நாயகியைக் கண்டு பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் யோசித்த பெண் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். வகுப்பில் ஒரு பெண் எழுந்து இதை மறுத்துப் பேசட்டும், இன்னொருத்தி ஆமோதிக்கட்டும். இரண்டு பேருக்கும் மார்க் போடுங்கள்.

உங்களிடம் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "ஏ எதைக் குறிக்கிறது" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "ஏதாவது ஒரு காட்சியில் இந்த எழுத்தை யார், எப்படிப் படிக்கிறார்கள், ஏன்" என்று கேளுங்கள். நாவலிலிருந்து ஒரு வரியைக் காட்டி எழுதியிருந்தால், நோட்ஸில் இல்லாவிட்டாலும் விடைக்குறிப்பில் அதற்கு இடம் வையுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குக் கைடு இல்லாமல் ஆகாது என்பது எனக்கும் தெரியும், நானும் அப்படி வந்தவள்தான். அவர்களுக்கு இரண்டாம் அத்தியாயம் ஒன்றையாவது வகுப்பில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கஷ்டமான ஆங்கிலம்தான். ஆனால் சந்தைக் கூட்டத்தில் நான்கைந்து பெண்கள் ஒருத்தியைப் பற்றிப் பேசுவது எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா மகளுக்கு அந்த அத்தியாயத்தைப் படித்துக்காட்டினேன். பிறகு இருபத்திரண்டாம் அத்தியாயத்தையும். ஏழு வருஷம் கழித்து அதே சந்தையில் அதே பெண்கள் வந்து நின்று மறுபடி ஹெஸ்டரின் மார்பையே உற்றுப் பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் அதில் இல்லை. அன்றைக்கு இரக்கப்பட்ட அந்தச் சின்னவள் இறந்துபோயிருக்கிறாள். அவளுடைய சவ உடையைத் தைத்துக் கொடுத்தவள் ஹெஸ்டர். ஹாதார்ன் இதை அரை வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

"சித்தி, இவளைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பருவத் தேர்வில் எழுதுவாள். அந்த விடைத்தாள் உங்களில் ஒருவர் கைக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவிகளில் ஒருத்தி